ஈயச் சிப்பாய்களை உருக்காதே

அன்புள்ள வசந்தா,

நான் சுபேதாரின் காலில் விழுந்து உனக்காக மன்னிப்புக் கேட்டேன் என்று உன் அத்தை போர்ட் பிளேரில் ஜங்லிகாட் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். போன கப்பலில் கேம்பல் பேக்குப் புறப்பட்ட இரண்டு குடும்பங்களிடமும் சொல்லியிருக்கிறாள். இந்நேரம் அது உன் காதுக்கும் வந்து சேர்ந்திருக்கும். அது உண்மையில்லை. உன் அத்தை வேண்டுமென்றே பொய் சொல்கிறவள் அல்ல. கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறாள். சுபேதார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், நான் தரையில் முட்டி போட்டிருந்தேன், என் தலை அவருடைய முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. எல்லாம் சரி. ஏன் அப்படி இருந்தது என்று அவள் என்னிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான். கல்யாணத்தன்று சம்பிரதாயத்துக்காகப் பெரியவர்கள் காலில் விழுந்ததோடு சரி. அதற்குப் பிறகு இந்த அறுபத்திரண்டு வயது வரைக்கும் நான் யார் காலிலும் விழுந்ததில்லை. நீ செய்யாத குற்றத்துக்காக விழுவேன் என்று நீ ஒரு நிமிஷமாவது நம்பியிருந்தால், உன்னை வளர்த்ததில் நான் எங்கோ தவறிவிட்டேன் என்று அர்த்தம்.

இந்தக் கடிதத்தை இரண்டு பிரதிகள் எழுதுகிறேன். ஒன்று உனக்கு. இன்னொன்றை உன் அத்தையிடம் கொடுக்கப்போகிறேன். அவள் அதை யாருக்கு வேண்டுமானாலும் வாசித்துக் காட்டட்டும். ஊர் முழுக்கப் பேசிய விஷயத்துக்கு மூடிய உறைக்குள் பதில் எழுதும் பழக்கம் எனக்கு இல்லை.

உன்னுடைய கடிதம் போன வாரம் வந்தது. நான்கு வரிதான் எழுதியிருக்கிறாய். இனி மேசைப் போர் ஆடப்போவதில்லை என்றும், பரீட்சைத் தாள்களைத் திருத்தி முடித்ததும் சிப்பாய்களையெல்லாம் உருக்கி, ஈயத்தை வலைக்காரர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். சுபேதார் சொன்ன ஒரு வாக்கியம் அதற்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. பரீட்சைத் தாள் திருத்த உனக்கு எத்தனை நாள் ஆகும் என்று எனக்குத் தெரியும். கப்பல் எப்போது வரும் என்பதுதான் யாருக்கும் தெரியாது. எனவே இந்தக் கடிதம் நேரத்தோடு வருமா வராதா என்று தெரியாமலேயே எழுதுகிறேன். உருக்காதே. உருக்கிவிட்டிருந்தால், திரும்ப வார்த்துக்கொள். மற்றதெல்லாம் அப்புறம்.

அத்தையின் பிரதியைக் கேட்கப்போகிறவர்களுக்காக, நீ செய்வது என்ன என்பதை இங்கே ஒருமுறை தெளிவாக எழுதிவிடுகிறேன். என் மகள் கேம்பல் பே பள்ளிக்கூடத்தில் சரித்திரம் கற்றுக்கொடுக்கிறாள். பள்ளி நூலகத்துக்கு மெயின்லேண்டிலிருந்து வந்த பழைய புத்தகக் கட்டில் ஓர் ஆங்கிலச் சிறு புத்தகம் இருந்தது. சின்னஞ்சிறு சிப்பாய்களை மேசைமேல் நிறுத்தி, ஒரு முறைக்கு எத்தனை அங்குலம் நகரலாம், எத்தனை அங்குலம் வரை சுடலாம் என்று அளந்து, பகடை உருட்டி, இரண்டு பேர் ஒரு சண்டையை ஆடிப் பார்ப்பது எப்படி என்று அதில் எழுதியிருந்தது. அந்தச் சிப்பாய்கள் இந்தத் தீவுகளில் எந்தக் கடையிலும் கிடைக்காது. அவளே செய்துகொண்டாள். கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் மீனின் ஓட்டை இரண்டாகப் பிளந்து, உட்புறத்தை ஆணியால் குடைந்து, மீன்வலையில் கட்டும் ஈயக் குண்டுகளை உருக்கி அதற்குள் ஊற்றினாள். ஓர் ஓடு இரண்டு மூன்று சிப்பாய்களுக்குமேல் தாங்காது, கருகி உதிர்ந்துவிடும். அதனால் ஒருவனைப் போல் இன்னொருவன் இருக்கமாட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில், பள்ளிக்கூட மேசைகள் இரண்டைச் சேர்த்துப் போட்டு, தபால் ஆபீசில் வேலை பார்க்கும் மாலா என்ற வங்காளிப் பெண்ணோடு ஆடுகிறாள். ஆமாம், இருபத்தாறு வயதில் விளையாடுகிறாள். அதில் மறைக்க ஒன்றும் இல்லை. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று அங்கே குடியேறியிருக்கும் சுபேதார் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்த்துவிட்டு, அவளைக் கடிந்துகொண்டு, ஒரு சிப்பாயையும் எடுத்துக்கொண்டு போனார்.

நீ முதன்முதலில் இதைப் பற்றி எழுதியபோது நான் ஒரு வார்த்தைகூடப் பதில் எழுதவில்லை. அடுத்த மூன்று கடிதங்களிலும் அரிசி, கொசுவலை, உன் சம்பள உயர்வு, எல்லாவற்றையும் கேட்டேன். அதை மட்டும் கேட்கவில்லை. அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்று நீ எடுத்துக்கொண்டாய். நியாயம்தான். ஆனால் காரணம் வேறு. அதை எழுத எனக்குப் பதினான்கு வருஷம் ஆகியிருக்கிறது.

சீனாவோடு சண்டை நடந்த வருஷம் உனக்குப் பன்னிரண்டு வயது. அப்போது நாம் சாத்தம் மர மில் குவார்ட்டர்ஸில் இருந்தோம். உன் சித்தப்பா ராணுவத்தில் இருந்தார். உன் அப்பாவைவிடப் பதினாறு வயது இளையவர். அப்பா இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. மலைமேல் இருந்த அவரைக் காணவில்லை என்று தந்தி வந்தது. சண்டையும் முடிந்துவிட்டது. முடிந்ததை மில் கிளப் ரேடியோவில் எல்லோரும் கேட்டாகிவிட்டது. அதன்பிறகுதான் கப்பல் வந்தது, இருபது நாள் பத்திரிகை ஒரே கட்டாக. நம் வீட்டு வழக்கம் உனக்கு நினைவிருக்கும். கட்டைப் பிரித்ததும் பழையதை மேலே வைத்து, ஒரு நாளைக்கு ஒரு பத்திரிகைதான் படிக்க வேண்டும், அடுத்த நாளுடையதை யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. போர்ட் பிளேரில் பாதி வீடுகளில் அப்படித்தான். மெயின்லேண்டைவிட மூன்று வாரம் பின்னால் வாழ்ந்தாலும், ஒவ்வொரு நாளாக வாழ்வோம் என்று ஒரு பிடிவாதம். உன் அப்பா அந்தச் சண்டையையும் அப்படித்தான் படித்தார். கூடத்துத் தரையில் சாக்கட்டியால் மலையை வரைந்தார். மில்லில் கழித்துப் போட்ட படாக் மரத் துண்டுகளை விரல் நீளத்துக்குச் சீவி வைத்துக்கொண்டார். தினமும் ஆபீசிலிருந்து வந்து, அன்றைய பத்திரிகையைப் படித்து, அந்தக் கட்டைகளை அன்றைய இடத்துக்கு நகர்த்துவார். தோற்று முடிந்த சண்டை. அவர் அதை முதல் நாளிலிருந்து திரும்ப நடத்திக்கொண்டிருந்தார்.

எனக்கு அது பொறுக்கவில்லை. கூடத்தைப் பெருக்க முடியவில்லை என்பது நான் சொன்ன காரணம். உண்மையான காரணம், மில் ஆபீஸ்காரர்கள் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் போகிறார்களே என்ற கூச்சம். ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் அத்தையும் மாமாவும் ஆபீஸ்காரர்கள் இருவரும் காப்பி குடிக்க வந்திருந்தார்கள். அப்பா தரையில் குந்தி உட்கார்ந்து ஒரு கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தார். நான் தட்டை நீட்டிக்கொண்டே, “எனக்கு ரெண்டு பிள்ளைங்க. சின்னது பள்ளிக்கூடம் போகுது, பெரிசு தரையில வெளையாடுது” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். விருந்தாளிகள் போன பிறகு என்னிடம், “அந்த மேட்டுல இருந்தவங்க பதினேழாந் தேதியே பின்வாங்கியாச்சுன்னு பேப்பர் சொல்லுது. ஆஸ்பத்திரியில கெடக்கானே தம்பியோட கூட்டாளி, அவன் எழுதுன கடுதாசியில பத்தொம்பது வரைக்கும் அங்கதான் இருந்தாங்கன்னு இருக்கு. மத்தவங்க எறங்கினப்ப இவன் ஏன் எறங்கலன்னு பாக்கேன்” என்றார். நான், “கட்டைய நவுத்துனா எறங்கி வந்துருவாரா?” என்று கேட்டேன். வசந்தா, நீ அப்போது கதவருகே நின்றுகொண்டிருந்தாய். உனக்கு நினைவில்லாமல் இருக்கலாம். எனக்கு உன் முகம் நினைவிருக்கிறது. மறுநாள் காலை அந்தக் கட்டைகளை அவரே கொண்டுபோய் வெந்நீர் அடுப்பில் வைத்தார். படாக் நன்றாக எரியும். அந்தத் தண்ணீரில் நான் குளித்தேன். அவர் இறக்கும்வரை எட்டு வருஷம், தரையிலோ மேசையிலோ எதையும் பரப்பி வைத்து அவர் யோசித்து நான் பார்க்கவில்லை.

உன் கடிதத்துக்குப் பதில் எழுத முடியாமல் போனது இதனால்தான். உன் ஈயச் சிப்பாய்களைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்த அடுப்புதான் கண்ணில் நின்றது. மறுபடியும் ஒரு வார்த்தை தவறாகச் சொல்லிவிடுவேனோ என்று பயந்து, சொல்லாமலே இருந்தேன். அதுவும் தவறுதான். பேசாமல் இருப்பதும் ஒரு பதில் என்று உனக்கு நான்தானே கற்றுக்கொடுத்தேன்.

இனி சுபேதார் வந்ததைச் சொல்கிறேன். கண் பரிசோதனைக்காக போர்ட் பிளேர் வந்தவர், வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நம் வீட்டைத் தேடி வந்தார். வேலூர்ப் பக்கத்துக்காரர் என்று வாயைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. செருப்பை வாசலில் நேராகக் கழற்றி வைத்தார், ஒரு பை நிறையத் தேங்காய் கொண்டு வந்திருந்தார். எனக்கு உடனே மரியாதை வந்துவிட்டது. சாப்பாட்டு மேசையில் முறத்தை வைத்துக்கொண்டு துவரம்பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் எதிரே நின்றபடி சட்டைப் பையிலிருந்து ஒரு சிப்பாயை எடுத்து முறத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

“இத்தப் பாருங்கம்மா. ஒங்க பொண்ணு செஞ்சது.”

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். முதன்முறையாகப் பார்க்கிறேன் அல்லவா? இடது காலை முன்னே வைத்து, துப்பாக்கியை மார்போடு பிடித்திருந்தான். ஈயம் சரியாக ஓடாமல் ஒரு பக்கம் வழுக்கையாக இருந்தது.

“நல்லா செஞ்சிருக்கா. ஒரு காது விட்டுப்போச்சு” என்றேன்.

“கம்ப்ளெயின்ட் பண்ண வந்தேம்மா நான்.”

“பண்ணுங்க. உக்காந்து பண்ணுங்க.”

உட்கார்ந்தார். “சண்டையப் பத்தி அந்தப் பொண்ணுக்கு இன்னாம்மா தெரியும்? பகடை உருட்டுது. ஆறு வுழுந்திச்சு, டக்குனு பத்து பேரத் தூக்கிப் பொட்டியில போட்டுச்சு. அந்த போஸ்ட் ஆபீஸ் பொண்ணு கை தட்டுது. ரெண்டும் சிரிக்குது. செத்தவன இப்பிடித்தான் பொட்டியில போடுவியான்னு கேட்டுட்டு வந்துட்டேன்.”

“தப்பு எது? பகடை உருட்டினதா, சிரிச்சதா?”

நான் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு டம்ளரை மேசையில் வைத்தார். “பகடை தப்பில்லம்மா. அங்கயும் அதான். பக்கத்துல இருந்தவன் போய்ட்டான், நான் கீறேன். அதுக்கு இன்னா காரணம் சொல்ல சொல்றீங்க?” பிறகு திடீரென்று கோபம் வந்தவர்போல, “ஆனா மேட்டுல ஏர்றவனுக்கும் எறங்கறவனுக்கும் ஒரே டேப்பு வெக்குது. அது பில்குல் தப்பு” என்றார்.

“எவ்வளவு வைக்கணும்?”

“பாதிகூட வராதும்மா! மூச்சு நிக்காது. மத்லப், இப்ப பாருங்க...” என்று காப்பி டம்ளரைக் கவிழ்த்தார். அது மலை. என் கரண்டி அதன் முதுகு. முறத்திலிருந்து பருப்பை அள்ளி மூன்று கூறாகப் பிரித்தார். இது ஒன்றாம் பிளட்டூன், இது இரண்டு, இது மூன்று. உப்புக் கிண்ணம்தான் நதி. அடுத்த அரை மணி நேரம் அவர் என்னை அம்மா என்று கூப்பிடவில்லை, எதிரி என்று நினைத்துக்கொண்டுதான் பேசினார். “நீங்க அங்க வர முடியாது. எப்பிடி வருவீங்க? நான் பாத்துக்கினே இருப்பனா?” நான் உப்புக் கிண்ணத்தைச் சுற்றிப் பின்பக்கமாக வந்தேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, “அச்சா... அது வரலாம். அவங்களும் அப்பிடித்தான் வந்தாங்க” என்றார்.

அப்போதுதான் புரிந்தது, அது என் கணவர் தரையில் வரைந்த அதே வருஷத்துச் சண்டை. உன் சித்தப்பாவின் பேரைச் சொல்லித் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது, வேறு ரெஜிமென்ட், வேறு மலை என்றார். எனவே உன் அப்பாவின் கேள்வியையே அவரிடம் கேட்டேன். மற்றவர்கள் பதினேழாம் தேதி இறங்கியபோது ஒரு சிலர் மட்டும் பத்தொன்பது வரை ஏன் அங்கேயே இருப்பார்கள்? அவர் யோசிக்கவே இல்லை. மேட்டின் உச்சியில் நான்கு பருப்பைத் தனியே தள்ளி வைத்தார். “ஆர்டர் போயிருக்காதும்மா. டெலிபோன் வயர் அறுந்திருக்கும். அப்ப ஒரு ஆள அனுப்புவாங்க, ஓடிப் போய் சொல்லிட்டு வாடான்னு. அவன் இப்பிடி ஏறணும்” என்று ஒற்றைப் பருப்பை விரலால் தள்ளிக்கொண்டே வந்தார். பாதி வழியில் விரலை எடுத்துவிட்டார். “அவன் போய்ச் சேர்ந்திருக்க மாட்டான். மேல இருக்கறவனுக்கு ஆர்டர் வர்ற வரைக்கும் எறங்கக் கூடாது. எறங்க மாட்டான்.”

அவ்வளவுதான் விடை. தம்பி பயந்து ஒளியவும் இல்லை, யாரும் அவனை வேண்டுமென்று விட்டுவிட்டு வரவும் இல்லை. மேலேயிருந்த அந்தக் கட்டைகளுக்கும் கீழேயிருந்தவைகளுக்கும் நடுவே ஓர் ஆள் நடந்து வந்திருக்க வேண்டும் என்பது, இன்னும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை தரையைப் பார்த்துக்கொண்டே இருந்திருந்தால் உன் அப்பாவுக்கும் தெரிந்திருக்கும். அவர் புத்திசாலி. நான் அவருக்கு அந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுக்கவில்லை.

சுபேதார் கையை வீசி இன்னும் ஏதோ காட்ட முற்பட்டபோது முழங்கை முறத்தில் இடித்தது. மூன்றாம் பிளட்டூன் முழுவதும் மேசைக்கடியில் உருண்டது. அவருக்கு முழங்கால் மடங்காது. அன்றைக்குச் சாம்பாருக்கான பருப்பு, நான் விடுவேனா? முட்டி போட்டுப் பொறுக்க ஆரம்பித்தேன். அந்த நேரம் பார்த்து உன் அத்தை வாசலில் வந்து நின்றாள்.

“ஐயையோ, என்ன மைனி இது! இந்த வயசுல போயி ஒரு அந்நிய ஆம்பளை கால்ல விழுதீய? அவ பண்ணுன கூத்துக்கு நீங்க ஏன் மைனி விழணும்?”

“அங்கேயே நில்லு, மிதிக்காதே. உன் காலுக்குக் கீழ நாலு பேர் கெடக்காங்க” என்றேன்.

சுபேதார் அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார். உன் அத்தை நின்று விளக்கம் கேட்கிறவளா? வந்த வழியே போய்விட்டாள். மீதி கதை உனக்குத் தெரியும்.

புறப்படும்போது அவர் சொன்னதையெல்லாம் அப்படியே எழுதுகிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. “வெளையாடட்டும்மா. ஆனா வுழுந்தவனப் பொட்டியில போடக் கூடாது. வுழுந்த எடத்துலயே கெடக்கட்டும். அடுத்தவன் அவனத் தாண்டித்தான் போணும். அது தெரியணும்.” நான் சரி என்றேன். பிறகு, “பொம்பளப் புள்ளைக்கு வேற வெளையாட்டா இல்ல?” என்றார். “இருக்கு. அதெல்லாம் நான் வெளையாடிப் பாத்துட்டேன். ஒண்ணும் நல்லா இல்ல” என்றேன். உன் மேசைக்கு அவர் வருவாரா என்று கேட்டேன். “முடியாதும்மா. பாக்க முடியல” என்றார். அதை வற்புறுத்த எனக்கு உரிமை இல்லை, உனக்கும் இல்லை. ஆனால் காதில்லாத அந்தச் சிப்பாயை என்னிடம் விட்டுவிட்டுப் போகவில்லை. கைக்குட்டையில் சுற்றி, தானே கொடுத்துவிடுவதாகச் சொல்லி எடுத்துப் போனார். கொடுத்தால் வாங்கிக்கொள். கொடுக்காவிட்டால் கேட்காதே.

அவர் சொன்ன விதி சரியான விதி. அதை உன் புத்தகத்தில் மையால் எழுதிக்கொள். ஆனால் அவர் வருத்தப்பட்டார் என்பதற்காக நீ எல்லாவற்றையும் உருக்குவது மரியாதை ஆகாது. அவருக்கு நீ பதில் சொல்லவேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. நீ பெட்டியை மூடிவிட்டு ஓடப் பார்த்தாய். செத்தவர்களைப் பற்றி நினைக்காமல் விளையாடாதே என்றுதான் அவர் சொன்னார். விளையாடாதே என்று சொன்னது நீயே.

இன்னொன்று. பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால், பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்லிக்கொடுக்க உதவும் என்று சாக்குச் சொல்லாதே. உன் முந்தைய கடிதம் ஒன்றில் அப்படி எழுதியிருந்தாய், எனக்குப் பிடிக்கவில்லை. உனக்குப் பிடித்திருக்கிறது, அது போதும். ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சீட்டாடும் ஆண்களிடம் அதனால் என்ன பயன் என்று இந்தத் தீவில் யாரும் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை. பாளையங்கோட்டையில் நான் படித்த கான்வென்ட்டில், பத்து வயதில் ஒரு யுத்தத்தின் படம் வரைந்தேன்: ஆறு எங்கே, பாலம் எங்கே, குதிரைகள் எந்தப் பக்கம் நின்றன என்று. சிஸ்டர் அதை வாங்கி நான்காக மடித்துவிட்டு, பெண்களுக்கு வருஷம் தெரிந்தால் போதும், வரைபடம் வேண்டாம் என்றார். அவர் நல்லவர். எனக்கு ஆங்கிலமும் நேராகத் தைக்கவும் கற்றுக்கொடுத்தவர். ஆனால் அந்த விஷயத்தில் அவர் சொன்னது தவறு. நான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். இருபத்தாறு வயதில், சொந்தச் சம்பளத்தில் சாப்பிடுகிற நீ மூடிக்கொள்ளவேண்டிய அவசியம் என்ன?

உன் பெரியப்பா அம்பாசமுத்திரத்திலிருந்து பார்த்திருக்கும் வரனைப் பற்றியும் உன் அத்தை பேசுகிறாள். மாப்பிள்ளை வீட்டுக்கு இது தெரிந்தால் என்ன ஆகும் என்கிறாள். தெரியட்டும். நானே அவர்களுக்கு எழுதப்போகிறேன். பெண்ணுக்குச் சமைக்கத் தெரியும், நீந்தத் தெரியும், நான்கு பாஷை பேசுவாள், கணவாய் ஓட்டில் ஈயம் வார்க்கத் தெரியும், ஞாயிற்றுக்கிழமை மேசை அவளுடையது என்று எழுதுவேன். இதைப் படித்துவிட்டும் ஒருவன் கப்பலேறி வந்தால் அவனைப் பார்க்கலாம். வராதவனை இப்போதே தெரிந்துகொண்டது நல்லது. நான் செய்ததை உனக்குச் செய்கிறவன் ஒருவனோடு நீ வாழ்வதை நான் பார்க்கமாட்டேன்.

ஈயம் உருக்கும்போது எல்லாச் சன்னல்களையும் திறந்து வை. சமையல் பாத்திரத்தை அதற்குத் தொடாதே. கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் வாயில் வைக்காதே. கணவாய் ஓடு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் ஈயம் தெறிக்கும் என்று அபர்தீன் பஜாரில் நகைப் பட்டறை வைத்திருப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இந்தக் கப்பலில் ஒரு பார்சல் வருகிறது. அதில் ஒரு புதுத் தையல் நாடா இருக்கிறது; உன்னுடையது நைந்து அரை அங்குலம் நீண்டுவிட்டது, போன விடுமுறையில் ஸ்கேலோடு வைத்துப் பார்த்தேன். மில்லில் சொல்லி வாங்கிய படாக் பலகைத் துண்டுகள் பன்னிரண்டு இருக்கின்றன, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மேடு வரும். விளிம்பை நான் உப்புத்தாளால் தேய்த்துவிட்டேன்.

அந்த ஆங்கிலப் புத்தகத்தை நீ எனக்காகக் கையால் எழுதி அனுப்பியிருந்த பிரதியை நான் படிக்கவே இல்லை என்று நினைத்திருப்பாய். இந்த வாரம் மூன்று தடவை படித்தேன். இரண்டு இடங்களில் அதன் விதிகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. ஓரத்தில் குறித்து அனுப்புகிறேன். படைத்தலைவன் நினைத்த மாத்திரத்தில் மேட்டில் இருப்பவனுக்கு உத்தரவு போய்ச் சேர்ந்துவிடுவதாக அதில் இருக்கிறது. அப்படிப் போகாது. உத்தரவை ஒரு தாளில் எழுதி, ஓர் ஆளிடம் கொடுத்து, அவன் நாடாவால் அளந்த தூரம் நடந்து போய்ச் சேர்ந்த பிறகுதான் அது செல்லும். அவன் வழியில் விழுந்தால், மேலே இருப்பவர்கள் அங்கேயேதான் இருப்பார்கள். இந்த விதிக்கு நீ சம்மதித்தால் நான் உன்னோடு ஆடத் தயார். நீயும் மாலாவும் ஞாயிறுகளில் ஆடுங்கள். என்னோடு கப்பலுக்கு ஒரு முறை. என் சிப்பாய்களை உன் மேசையில் நீயே நிறுத்து, உன்மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. என்னிடம் நாற்பது பேர். இருபது பேர் ஆற்றின் வடகரையில், பாலத்துக்கு எட்டு அங்குலம் பின்னால். பன்னிரண்டு பேர் மேட்டின் அடிவாரத்தில். எட்டுப் பேர் எங்கே என்பதை ஒட்டிய உறையில் தனியாக வைத்திருக்கிறேன்; மாலா பிரிக்கட்டும், நீ பார்க்காதே. முதல் முறையில் பாலத்துக்காரர்கள் ஆறு அங்குலம் முன்னேறுகிறார்கள்.

சிப்பாய்கள் இருக்கிறார்களா, உருக்கிவிட்டாயா என்பதை முதல் வரியில் எழுது. உருக்கியிருந்தால், நாற்பது பேரை வார்க்க எத்தனை நாள் ஆகும் என்று எழுது, நான் காத்திருப்பேன். யாரிடமும் வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பாதே. உன் கையால் எழுதி, தேதி போட்டு, திரும்பி வரும் கப்பலிலேயே பதில் அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா